முட்டி இன்னா பாவம் பண்ணுச்சி?

ஓடிட்டு வந்து முட்டியைப் புடிச்சிக்கினு திண்ணையில குந்தியிருக்கிற தம்பிமாருங்களுக்கு, புதுச்சேரிப் பக்கம் காட்டேரிக்குப்பத்துக் கெழவன் ஒருத்தன் சொல்லிக்கிறது. மொதல்ல ஒரு சந்தேகம். ஒங்களை யாருடா தொரத்துனது?

எங்க காலத்துல ஓட்டம்னா அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சி. மாந்தோப்புக் காவக்காரன் கம்பை எடுத்தான், ஓடுனோம். மாடு மூக்கணாங்கயித்தை அறுத்துக்கினு போச்சி, ஓடுனோம். சாராயக்கடை வாசல்ல பொண்டாட்டி வந்து நின்னா, அன்னிக்கு ஓடுன ஓட்டத்தைப் பார்த்திருந்தா பிரான்சுக்காரனே கூப்புட்டு மெடல் குடுத்திருப்பான். நீங்க யாரும் தொரத்தாமலே விடியக்காலை நாலரைக்கு எழுந்து ஓடுறீங்க. நல்ல பழக்கம்தான், குத்தம் சொல்லலை. ஆனா ஓடிட்டு வந்து, "தாத்தா, முட்டி வலிக்குது"ன்னு எங்கிட்ட வந்தா, நாலு வார்த்தை ஏசாம வைத்தியம் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கூருப் பசங்க முட்டியைக் கெடுக்கிறதுக்குன்னே ஒரு முறை வெச்சிருக்கானுங்க. போலீசு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு பேப்பர்ல வர்ற வரைக்கும் கால் தரையில படாது. முக்குல இருக்கிற கடையில பால் பாக்கெட்டு வாங்கக்கூட பைக்குலதான் போவான். பேப்பர்ல வந்த மறுநாள் காலையில பார்த்தா, தார் ரோட்டுல அஞ்சு கிலோமீட்டரு. கோரிமேட்டு போலீஸ் மைதானத்துல கேக்கிறது 100 மீட்டரும் 800 மீட்டரும், அப்பறம் நீளம் தாண்டுறதும் உசரம் தாண்டுறதும். இவன் லிங்காரெட்டிப்பாளையம் வரைக்கும் ஓடிப் போயி, மூடிக் கெடக்கிற சக்கர ஆலையை எட்டிப் பார்த்துட்டு வர்றான். எத்தினியோ பேரு கேட்டுப் பார்த்தும் தொறக்காத ஆலை, இவன் மூச்சு வாங்கிக்கினு போயி நின்னா தொறந்துடுமா? பத்து நாளு போனா, படிக்கட்டு எறங்க கைப்பிடி தேடுறான்.

இன்னொரு வகை, சேதராப்பட்டு கம்பெனியில சம்பளம் வாங்குற மாப்பிள்ளைங்க. இவுங்களுக்குப் போலீசு வேலை வேணாம், பிப்ரவரி மாசம் ஆரோவில் மாரத்தான் ஓடணும். 2008-ல இருந்து நடக்கிற ஓட்டம் அது. மரத்துக்கு நடுவுல செம்மண் தடத்துல ஓடணும். முழுசு 42 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, பாதின்னா 21, அதுவும் வேணாம்னா 10. அங்க ஒரு வேடிக்கை உண்டு. மொதல் பரிசு, ரெண்டாம் பரிசுன்னு கெடையாது. யாரு எத்தினி நிமிசத்துல வந்தாங்கன்னு கணக்கும் வெக்கிறதில்லை. சந்தோசமா ஓடிட்டுப் போங்கறாங்க. நம்ம ஆளு விடுவானா? கையில கெடியாரத்தைக் கட்டிக்கினு போயி, தானே பந்தயம் கட்டி, தானே தோத்துட்டு, நொண்டிக்கினு வர்றான். பரிசே இல்லாத எடத்துல தோக்கிறதுக்கு ஒரு தெறமை வேணும்.

ரெண்டு பேருக்கும் நோவு ஒண்ணுதான், அவசரம். மூச்சு சீக்கிரம் பழகிக்கும். ரெண்டு மூணு வாரத்துல வாங்குறது கொறையும். ஒடனே பையன், "ஆகா, நாம தேறிட்டோம்"னு தூரத்தைக் கூட்டிடுறான். ஆனா சதையை எலும்போட கட்டி வெச்சிருக்கிற தசைநாணு இருக்குது பாரு, நாம மொத்தமா நரம்புன்னு சொல்லிக்கிறோமே, அதுவும் எலும்பும் பழக மாசக்கணக்காவும். மூச்சு போவலாங்குது, தசைநாணு இருடாங்குது. நீ மூச்சு பேச்சை மட்டும் கேக்கிற.

இந்த முட்டியோட கதை நம்மூரு மருமவ கதைதான். மேல இடுப்பு, அது மாமியா. கீழ பாதம், அது புருசன். மாமியா வேலை செய்ய மாட்டா, புருசன் நேரா நிக்க மாட்டான், ரெண்டு பேரு பாரமும் நடுவுல இருக்கிறவ தலையில. அவ தாங்காம ஒரு நாளு சத்தம் போட்டா, வூட்டுச் சண்டைக்கே அவதான் காரணம்னு பேரு. நீங்களும் அதையேதான் செய்யிறீங்க. முட்டிக்கு எண்ணெ தேய்க்கிறீங்க, முட்டிக்கு உறை மாட்டுறீங்க, முட்டியைத் திட்டுறீங்க. இடுப்பை ஒருத்தனும் நீ இன்னா பண்றன்னு கேக்கிறதில்லை.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. பேத்தி கோரிமேட்டு மதர் தெரசா காலேஜுல பிசியோதெரபி படிக்கிறா, அவ சொல்லிக் குடுத்தது. இடுப்புக்குப் பக்கவாட்டுல இருக்கிற சதை வலுவில்லாம இருந்தா, ஒவ்வொரு அடி வெக்கும்போதும் தொடை உள்பக்கமா சாயுதாம். தொடை சாஞ்சா முட்டிச் சில்லு அது போவ வேண்டிய பள்ளத்துல ஒழுங்கா போவாம ஓரத்துல ஒரசுதாம். நாளெல்லாம் நாற்காலியில குந்தியே பொழைக்கிறவனுக்கு அந்தச் சதை தூங்கிப் போயிருக்கும். நாம உக்கார மட்டும் வெச்சிருக்கிற எடத்துல இருக்கிற சதைதான் நம்மளை ஓட வெக்குதுன்னு தெரிஞ்சிக்க எனக்கு எம்பது வயசாச்சி.

சரி, வலி எங்கன்னு காட்டுடான்னா, உள்ளங்கையால முட்டி மொத்தத்தையும் மூடிக் காட்டுறான். வெரலால காட்டு. அதுலயே பாதி வெளங்கிடும். முன்னாடி, சில்லைச் சுத்தி வலின்னா, படி எறங்கும்போதும் குத்துக்காலிட்டு உக்காரும்போதும் படுத்தும். சென்னை பஸ்ஸுல மூணு மணி நேரம் குந்திட்டு எழுந்தா கால் நீட்ட வராது. ஓடுறவங்களுக்கு அதிகமா வர்றது இதுதான். வெளிப்பக்கமா, முட்டிக்கு ஓரத்துல வலின்னா, இடுப்புல இருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் ஓடுற ஒரு பட்டை நார் எரிச்சலாயிடுச்சின்னு அர்த்தம். அது ஒரு கள்ளன். மொத ரெண்டு கிலோமீட்டரு சும்மா இருக்கும், அப்பறம் தெனமும் அதே எடத்துல, அந்த வேப்பமரத்துக்கிட்ட வந்ததும் புடிக்கும். பையன் வேப்பமரத்துல ஏதோ இருக்குதுன்னு மந்திரிக்கப் போனான். காட்டேரிக்குப்பத்துல பொறந்துட்டு மரத்துக்குப் பயப்படலாமா?

சில்லுக்குக் கீழ, ஒரே எடத்துல, வெரல் வெச்சா துள்ளுற மாதிரி வலின்னா அது தாண்டுறவன் வலி. போலீசு தேர்வுக்கு நீளம் தாண்டிப் பழகுற பசங்களுக்கு வரும். பள்ளிக்கூடத்துப் பையன், பத்துல இருந்து பதினஞ்சி வயசு, முட்டிக்குக் கீழ எலும்பு மேல முண்டு மாதிரி பொடைச்சிக்கினு வலிக்குதுன்னா, அவன் வளர்ற காலத்துல தொடைச்சதை அந்த எலும்பைப் புடிச்சி இழுக்குது. பெரும்பாலும் வளர்ச்சி முடிஞ்சதும் அடங்கிடும். அது வரைக்கும் ஆட்டத்தைக் கொறைக்கணும். அவனை ஊருப் பந்தயத்துல தள்ளி, தாம்பாளம் ஜெயிச்சிக் குடுக்கச் சொல்ற பெரிய மனுசனுங்களைத்தான் நான் தேடிக்கினு இருக்கன்.

இனிமே நம்ம ஊரு வைத்தியத்துக்கு வருவோம். முட்டி வலின்னு ஒரு வார்த்தை வெளிய வுட்டா போதும், தெருவுல இருக்கிற அத்தினி பேரும் டாக்டராயிடுவாங்க. ஆட்டுக்கால் சூப்பு குடிம்பா ஒருத்தி. நல்லாத்தான் இருக்கும், மொளகு தூக்கலாப் போட்டா எனக்கும் ஒரு கிண்ணம் குடு. ஆனா ஆட்டுக் காலு ஒங்காலை வந்து ஒட்ட வெக்காது. அப்பிடி ஒட்டுமின்னா, முட்டி வலிக்கிற ஆடு யாரு காலைக் குடிக்குமாம்? முடக்கத்தான் கீரையை அரைச்சி தோசை ஊத்திக் குடுப்பா ஆயா. சாப்புடு, தோசைக்கு நல்ல ருசி. அதைத் தின்னுட்டு, மருந்து சாப்ட்டாச்சின்னு பத்து கிலோமீட்டரு ஓடாத. தோசைக்கு அவ்வளவு பொறுப்பைக் குடுக்கக் கூடாது.

எண்ணெ தேய்க்கிறதும் அப்பிடித்தான். பழைய வலிக்கு வெதுவெதுப்பா தடவிக்கினா எதமா இருக்கும். புதுசா அடிபட்டு வீங்குன முட்டியை, நம்ம மாமன் ஒருத்தன் இருக்கான் பாரு, நல்லா அழுத்தி நீவுனாத்தான் சுளுக்கு எடுக்கும்னு ஏறி ஒக்காந்து தேய்ப்பானே, அவன் கையில மட்டும் குடுத்துடாத. வீக்கத்தை அழுத்துனா கூடத்தான் செய்யும். மீன்காரம்மா வர்ற நேரம் பார்த்து ரெண்டு கட்டி ஐஸ் கேளு. துணியில சுத்திப் பத்துப் பதினஞ்சி நிமிசம் வை. வெறும் தோல்ல வெச்சிடாத, புண்ணாயிடும். புத்தூர்க் கட்டு போர்டைப் பார்த்துட்டு வண்டியைத் திருப்புறவனும் உண்டு. ஓடி ஓடி எரிச்சலான முட்டியில ஒடைஞ்சது ஒண்ணுமில்லை, எதைக் கட்டுவாங்க?

எல்லாத்துலயும் மோசம், மருந்துக் கடையில வாங்குற செட்டு மாத்திரை. பேரு தெரியாது, ஊரு தெரியாது, மூணு கலரு, பேப்பர்ல மடிச்சிக் குடுப்பான். வலி அரை மணியில போயிடும். வலி போனதும் இவன் மறுபடி ஓடுவான், புண்ணான எடத்துலயே. வயித்துக்கும் கிட்னிக்கும் என்னாவுதுன்னு அப்பறம் பார்ப்போம்னு. வலிங்கிறது ஒனக்கு வந்த தபாலு. அதைப் படிக்காம தபால்காரனை அடிச்சித் தொரத்துறதுக்கு அம்பது ரூவா செலவு பண்ற.

அதுக்காக மாசக்கணக்குல கட்டில்ல படுத்துடாதே. அது ரெண்டாவது முட்டாத்தனம். மொத்தமா படுத்தா இருக்கிற கொஞ்சம் சதையும் கரைஞ்சிடும். எழுந்து மறுபடி அதே தூரம் ஓடுனா, மறுபடி அதே வலி. பேத்தி ஒரு மார்க்கு கணக்கு சொன்னா. வலிக்குப் பத்துக்கு எத்தினின்னு நீயே மார்க்கு போடு. ஓடும்போது மூணுக்குள்ள இருந்து, மறுநாள் காலையில தணிஞ்சிருந்தா, அந்தத் தூரம் ஒனக்குத் தாங்குதுன்னு அர்த்தம். மூணைத் தாண்டுச்சின்னா, இல்லை காலையில எழுந்ததும் கூடியிருந்துச்சின்னா, தூரத்தைப் பாதியாக்கு. பள்ளிக்கூடத்துல மார்க்கு வாங்குனதே இல்லைன்னு அழுவுறவனுக்கு, கொறைச்சி வாங்குறவன்தான் பாஸுங்கிற பரீட்சை இது ஒண்ணுதான். தப்பு மார்க்கு போட்டு ஏமாத்தாத, முட்டி திருத்திடும்.

வேலை குடுக்கணும்டா, இடுப்புக்கும் தொடைக்கும். காசு செலவில்லை. பக்கவாட்டுல படுத்துக்கினு மேல இருக்கிற காலை நீட்டமா தூக்கி மெதுவா எறக்கு. சுவத்துல முதுகைச் சாய்ச்சிக்கினு, நாற்காலி இல்லாமலே நாற்காலியில குந்துன மாதிரி வலிக்காத அளவுக்கு எறங்கி அப்பிடியே நில்லு. முப்பது வரைக்கும் எண்ணு. எண்ணும்போது இருவதுல இருந்து இருவத்தஞ்சிக்குத் தாவுறவனை நான் பார்த்துக்கினுதான் இருக்கன். திண்ணைப் படியில ஒத்தைக் காலுல நின்னு, அடுத்த காலு குதியை மெதுவா தரையில தொட்டு எடு. முட்டி உள்ள சாயாம, கால் வெரலுக்கு நேரா போவணும். கால் வெரலுங்க மேல எழும்பி நின்னு கெண்டைக்காலைக் கெட்டியாக்கு. ஒரு நாளு விட்டு ஒரு நாளு செய்யி. பலன் தெரிய ஒண்ணரை மாசமும் ஆவும், மூணு மாசமும் ஆவும். புள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுறவன் வலியில்லாம அதையும் போடலாம். புண்ணியம் தனியா சேரும்.

ஓடுற விதத்துல ஒரு சூட்சுமம் இருக்குது. நீளமா எட்டி வைக்காத, கிட்டக் கிட்ட வை. ஒரு நிமிசத்துக்கு எத்தினி அடின்னு எண்ணி, அதை நூத்துக்கு அஞ்சோ பத்தோ கூட்டு, வேகத்தைக் கூட்டாம. 2011-ல அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல அளந்து பார்த்திருக்காங்க. அப்பிடி அடியைச் சுருக்குனா முட்டி மேல விழுற பாரம் கொறையுதாம். சேத்துல நாத்து முடி தூக்கிக்கினு வரப்பு மேல போறவன் அப்பிடித்தான் போவான், எட்டி வெச்சா வுழுந்துடுவான்னு அவனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லலை.

ஷூவைப் பத்திக் கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். பத்தாயிரம் ரூவாய்க்கு வாங்கியிருக்கன் தாத்தா, அப்பறமும் வலிக்குதேங்கிறான். 2022-ல காக்ரேன்னு ஒரு அமைப்பு, ஒலகத்துல நடந்த ஷூ ஆராய்ச்சிங்களை ஒண்ணாச் சேத்துப் பார்த்துச்சி. இந்த வகை ஷூ போட்டா அடிபடாதுன்னு சொல்ற அளவுக்குப் பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிடுச்சி. காலைக் கடிக்காம, ஒனக்கு எதமா இருக்கிறதை வாங்கு. மிச்சக் காசுல ஆயாளுக்கு ஒரு பொடவை எடு. ரோமுல 1960 ஒலிம்பிக்குல எத்தியோப்பியாக்காரன் அபேபே பிக்கிலா வெறுங்காலோட மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கிட்டுப் போனான். அதுக்காக நீ நாளைக்கே வெறுங்காலோட கருவமுள்ளு மேல ஓடாத. அவன் காலு அவன் ஊருல பொறந்ததுல இருந்து பழகுன காலு.

ஓடுனா முட்டி தேஞ்சிடும், அதனால ஓடவே கூடாதுன்னு ஒரு கூட்டம் இருக்குது. பெரும்பாலும் அது திண்ணையை விட்டு எறங்காத கூட்டம். 2017-ல ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்துச்சி. முட்டியிலயும் இடுப்புலயும் தேய்மானம், ஒடம்புக்காக ஓடுறவங்கள்ல நூத்துக்கு 3.5 பேருக்கு. ஓடாம குந்தியே இருக்கிறவங்கள்ல 10.2 பேருக்கு. போட்டியே பொழைப்பா ஓடுறவங்கள்ல 13.3 பேருக்கு. அதாவது, திண்ணையும் ஒதவலை, பேராசையும் ஒதவலை. தொப்பையைத் தூக்கிக்கினு ஓடுறவனுக்கு இன்னொரு கணக்கு: வயசானவங்களுக்கு வர்ற தேய்மானத்துல, ஒரு கிலோ எடை கொறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல நாலு கிலோ பாரம் கொறையுது. பந்தயத்துக்குப் பேரு குடுக்கிறதுக்கு முன்னாடி, ராத்திரி புரோட்டாவுக்குக் குடுக்கிற பேரை வாபஸ் வாங்கு.

வயசாச்சேன்னு சாக்கு சொல்றவங்களுக்கும் ரெண்டு ஆளைச் சொல்றன். 2021-ல தமிழ்நாட்டு சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்துல கால்ல பலமா அடிபட்டு எழுந்த மனுசன். அம்பது வயசு தாண்டித்தான் ஓட ஆரம்பிச்சாரு. அரை மாரத்தான் நூறுக்கு மேல ஓடிட்டு, 'ஓடலாம் வாங்க'ன்னு புத்தகமே போட்டாரு. பஞ்சாபுக்காரரு ஃபவுஜா சிங் 89 வயசுல, 2000-ல லண்டன்ல மொத மாரத்தான் ஓடுனாரு. நூறு வயசுல, 2011-ல டொரண்டோவுல எட்டு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கினு முழு மாரத்தானையும் முடிச்சாரு. எட்டு மணி நேரம்! அவசரம்னா என்னான்னே தெரியாத மனுசன். அவரை முட்டி கொண்டுபோவலை. 2025 ஜூலையில, 114 வயசுல, ஊருக்குப் பக்கத்துல ரோட்டுல வண்டி மோதித்தான் போனாரு. அதனால சொல்றன், விடியக்காலை இருட்டுல திருக்கனூர் ரோட்டு ஓரத்துல காதுல பாட்டை மாட்டிக்கினு ஓடுற மவராசனுங்களா, முட்டியைப் பத்தி அப்பறம் கவலைப்படலாம். வெளுத்தப்பறம் ஏரிக்கரையில ஓடுங்க. ரோடுதான் வழின்னா வண்டிக்கு எதிர்ப்பக்கமா ஓடுங்க. ரோடு ஓரத்துல சரிவு இருக்கும், தெனமும் ஒரே ஓரமா ஓடுனா ஒரு காலு பள்ளத்துல, ஒரு காலு மேட்டுல. போகும்போது ரோட்டு ஓரம்னா, வரும்போது சரிவு இல்லாத வேற தடம் புடிங்க.

இவ்வளவு பேசுறமே, ஒரு நாளும் ஓடாமலே முட்டி போனவங்க நம்ம வூட்டுலயே இருக்காங்க. கழனியில குனிஞ்சி நாத்து நட்டு, கொல்லையில குத்துக்காலிட்டு மல்லாட்டைக்குக் களை எடுத்து, வந்து அடுப்புக்கிட்ட குந்தி, ரேசன் கடையில கால் கடுக்க நின்ன பொம்பளைங்க. அவுங்களுக்கு மெடலும் இல்லை, கெடியாரமும் இல்லை. பையன் முட்டி வலின்னா வூடே கூடுது, அவன் அம்மா பத்து வருசமா சுவத்தைப் புடிச்சிக்கினு எழுந்துக்கிறா, வயசாச்சின்னு விட்டுட்டோம். நான் மேல சொன்ன சுவத்து வேலையையும் படி வேலையையும் நீ செய்யும்போது அவளையும் கூட நிக்க வை. தாங்குற அளவுக்கு செய்யட்டும். குந்தி செய்யிற வேலைக்கு ஒரு மணக்கட்டை போட்டுக் குடு. இதை நான் கிண்டலுக்குச் சொல்லலை.

கடைசியா, வெளையாட்டு வேணாம்னு சொல்ற எடம். முட்டி திருகிக்கினு அன்னிக்கே வீங்கிடுச்சி, கால் ஊனவே முடியலை, நடக்கும்போது மடங்கி வுழுது, மடக்குன கால் நீட்ட வராம பூட்டிக்குது, இல்லை காய்ச்சலோட முட்டி செவந்து கொதிக்குது, இதுல ஒண்ணு இருந்தாலும் தாத்தாகிட்ட வராத. நம்மூரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. அவுங்க எழுதிக் குடுத்தா ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போ. போலீசு மைதானமும் கோரிமேட்டுலதான், ஜிப்மரும் கோரிமேட்டுலதான். எந்த வாசல்ல வரிசையில நிக்கிறங்கிறது, நீ ஓடப் பழகுற அவசரத்தைப் பொறுத்தது. மத்தவங்க நாளைக்கு ஓட வேணாம். படியில குதியைத் தொட்டு எடுத்துட்டு, நாளன்னிக்கு ஏரிக்கரைக்கு வாங்க, பாதி தூரம் ஓடலாம். நான் ஓட மாட்டன், கரையில குந்திக்கினு யாரு எட்டி வெக்கிறான்னு பார்ப்பன்.